மெட்ரோ அறிக்கையைத் திருத்தும்போது பழைய டிராம் கம்பெனியையும் பாருங்கள்

மதுரை மெட்ரோ திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு நீங்கள் போட்ட திட்டத்தை, ஊரில் 20 லட்சம் பேர் இல்லை என்று சொல்லி 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். எப்படியும் அறிக்கையைத் திருத்துவீர்கள், அப்போது மழைத் தண்ணீர், நஷ்டக் கணக்கு என்று இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். ஏன் என்பதற்குப் பழைய டிராம் கதையைக் கேளுங்கள்.

மெட்ராசில் 1895 மே 7-ம் தேதி மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் அதுதான் முதல். பணம் போட்டது லண்டன்காரர்கள். மேலே கம்பி கட்டாமல் ரோட்டுக்கு அடியில் வாய்க்கால் மாதிரி வெட்டி, அதற்குள் மின்கம்பியை ஓடவிட்டார்கள். ரோட்டில் நீளமாக ஒரு இடுக்கு, அதன் வழியே வண்டியிலிருந்து ஒரு தகடு இறங்கி மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால்? நின்றது. கடைசியில் மேலே கம்பி கட்டித்தான் ஓட்டினார்கள். அதற்குள் முதல் கம்பெனி நொடித்துக் கைமாறி, 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்' என்று பெயரிலேயே வருடத்தைக் குத்திக்கொண்டு புதுக் கம்பெனி வந்தது. அதுவும் நஷ்டம் தாங்காமல் 1953 ஏப்ரல் 12-ல் ஓட்டத்தை நிறுத்திவிட்டது, அரசும் எடுத்து நடத்தவில்லை. அவ்வளவுதான், தண்டவாளமும் போச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நடு ஊரில் ரயில் பூமிக்கு அடியில் போகப்போகிறது. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அந்த அளவு மழை பெய்தால் ஸ்டேஷன் வாசற்படி எத்தனை அடி உயரத்தில் இருக்கும்? பம்ப் வைத்து இறைப்போம் என்பீர்கள், இறைத்த தண்ணீரை எங்கே விடுவீர்கள்? ஏற்கெனவே நிரம்பி வழிகிற அதே வாய்க்காலிலா?

அப்புறம் வரவு செலவு. மெட்ரோ போகிற அதே ரோட்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் ஓடுகிறது. மாட்டுத்தாவணிக்குப் போகிற அக்கா எதில் ஏறுவார் என்று உங்களுக்கே தெரியும். டிக்கெட் காசு எதிர்பார்த்தபடி வராத வருடங்களில் அந்த நஷ்டத்தை யார் கட்டுவது, மாநகராட்சியா, மாநில அரசா? கையெழுத்தாவதற்கு முன்பே பெயர் போட்டு எழுதுங்கள்.

எழுதியதைத் தமிழில் அச்சடித்து மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகையில் வையுங்கள், வந்து படித்துக்கொள்கிறோம்.