பலகையில் இருந்த பெயர்

அன்புள்ள மணி,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வேண்டிய மட்டும் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் குடை என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு நான் பிழை திருத்தப் போகும் மாத இதழுக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து ஒரு பெண் வேலைப் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். பன்னிரண்டு வாரம். கெட்டிக்காரி. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பூக்கடைகளைப் பற்றி எழுதச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே கட்டுரை மேசைக்கு வந்துவிட்டது. 'விலையேற்றம் குறித்துக் கடைக்காரர்கள் கவலை தெரிவித்தனர்.' எத்தனை கடைக்காரர்கள் என்று கேட்டேன். இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினாளாம், ஒருவர் பதில் போட்டாராம்.

நம் பழைய பத்திரிகை ஆசிரியர் பெரியவராக இருந்தால் தாளைக் கிழித்து ஜன்னல் வழியே பறக்கவிட்டிருப்பார். எனக்கு அந்த மாடியும் இல்லை, துணிச்சலும் இல்லை. "போய்க் கடையில் உட்கார். கேள்வி கேட்பது அப்புறம்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணி நேரம் கழித்து, விரல்களில் நூல் அறுத்த கோடுகளோடு வந்தாள். கடைக்காரர் அவளையும் பூக்கட்ட வைத்துவிட்டாராம். இந்தியாவிலிருந்து வரும் மல்லிகை விமானம் தாமதமானால் காலைப் பூசைக்கு வாங்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது, மொட்டு விரியாமல் எவ்வளவு நேரம் காப்பாற்றலாம், கடை மூடும்போது மிஞ்சிய பூ எங்கே போகிறது என்று எல்லாம் எழுதியிருந்தாள். ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட எனக்குக் கை வரவில்லை. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் முதல் கட்டுரை வந்த கதையைச் சொல்லும்போது உன் அப்பாவின் முகம் எப்படி ஆகும்? அப்படி இருந்தது அவள் முகம்.

இதழும் வந்தது. மணி, படத்துக்குக் கீழே தவறான பெயர்.

கடைப் பலகையில் இருப்பதையே கடைக்காரர் பெயர் என்று எழுதிவிட்டாள். அது அவருடைய அப்பாவின் பெயர், அவர் போய் ஒன்பது ஆண்டு ஆகிறது. மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தவள் பெயரைக் கேட்கவில்லை. அவளைச் சொல்லி என்ன? வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கடையில்தான் நான் பூ வாங்குகிறேன். நானும் பலகையைப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிடுகிறேன். அவரும் பாவம், 'என்ன சார்' என்கிறார்!

இருவரும் போனோம். அவர் கோபப்படவில்லை. "எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் சார். ஆனால் அம்மா பார்த்துவிட்டார்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவள்தான் குறிப்பேட்டை எடுத்துப் பெயரைக் கேட்டு எழுதி, அவரிடமே நீட்டினாள். அவர் பேனாவை வாங்கி 'ன'வை அடித்து 'ண' போட்டுக் கொடுத்தார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்தப் பிள்ளைகள் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆங்கிலத்தில் வந்த அறிக்கையைக் கொடுத்துத் தமிழாக்கச் சொல்கிறோம். வார்த்தை திருத்துகிறோம், சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறோம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லித்தரும் பள்ளிக்குச் சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் வீ கிம் வீயின் பெயர். அவர் 1930இல் நாளிதழ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செய்தியாளரானவர். இவர்களுக்கு நாம் கொடுப்பது நாற்காலியும் கணினியும்தான். வெயிலில் நடக்க யாரும் அனுப்புவதில்லை. நானும் இத்தனை ஆண்டாகச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்தே எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறேனோ.

திருத்தம் போட அடுத்த இதழ்வரை ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தக் கடைப் பக்கம் போக எனக்குக் கூச்சம். அவளோ நேற்றுச் சாயங்காலம்கூடப் போய்விட்டு வந்தாள், கையில் இரண்டு முழம் பூ.

அடுத்த மாதம் இன்னும் இருவர் வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை ஜோகூரிலிருந்து கிளம்பி வா. பாலத்தில் நெரிசல் என்று சாக்குச் சொல்லாதே. நீதிமன்றத்தில் எப்படிக் குறிப்பெடுப்பாய் என்று அவர்களுக்குச் சொல். கோழிக்கடைக் கதை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ராஜு