கென்யா புறப்படும் மிஷனெரித் தம்பதிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

வழியனுப்பு ஆராதனையில் எல்லாருக்கும் நன்றி சொல்ல நேரம் போதாது. யார் என்ன செய்தீர்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்துப் புறப்படுகிறவர்களுக்கு உதவும்.

முதல் நன்றி, காகிதங்களைச் சரிபார்த்துத் தந்த பெரியவருக்கு. நம் பக்கத்துச் சிக்கலே இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப் பெயர், சபைத் திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர். ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். ஐயா எல்லாச் சான்றிதழையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்த இடத்துக்கெல்லாம் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்க வைத்தார். பட்டச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. போலீஸ் சான்று சீக்கிரம் பழசாகிவிடும் என்று அதைக் கடைசிக்கு வைத்தார்.

ஊசி அட்டவணை போட்ட நர்ஸ் அக்காமாருக்கு அடுத்த நன்றி. ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதக் கணக்கு என்பதால் ஆறு மாதம் முன்பே தொடங்க வைத்தார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அனுமதி பெற்ற மையத்தில்தான் போடுவார்கள். ஊசி போட்டதற்குத் தரும் அட்டை 10 நாள் கழித்தே செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அந்த அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். அந்த ஊசிக்காக, முட்டை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டதும் இவர்கள்தான். மலேரியாவுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

சுவாஹிலி சொல்லிக்கொடுத்த தம்பிக்கு நன்றி. ‘நினாசோமா’ என்றால் படிக்கிறேன். நி என்பது நான், நா நிகழ்காலம், சோமா படி. ‘படிக்கிறேன்’ என்பதில் நாம் ‘படி’யை முதலில் வைத்து, ‘நான்’ என்பதைக் காட்டும் ‘ஏன்’ விகுதியில் முடிக்கிறோம். அங்கே அப்படியே தலைகீழ். இதை இப்படித் தமிழை வைத்து விளக்கியதால்தான் மனதில் நின்றது.

பெண்கள் ஐக்கியத்துக்கு எப்படி நன்றி சொல்வது! உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைத்த பிடி அரிசிதான் பயணச் செலவில் பெரும் பங்கு. ஊறுகாய் பாட்டில் விமானத்தில் எண்ணெய் கசியும் என்று பொடிகளாகவே செய்தார்கள். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்து, மொறுமொறுவென வறுத்து, முழுக்க ஆறிய பிறகே அரைத்தார்கள்; சூட்டோடு அடைத்தால் டப்பா வியர்த்து, பொடி பூசணம் பிடிக்கும். கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை என்பதால் பழைய சேலையில் பைகள் தைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தையலைப் பார்த்தபோது கண் கலங்கியது.

மாதாமாதம் தாங்க முன்வந்த சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம் குடும்பங்களுக்கும் நன்றி. ஒரே தடவை வரும் பெரிய காணிக்கையைவிட, மாதம் 200 ரூபாய் தரும் 50 வீடுகள்தான் அங்கே வாடகைக்கு உறுதி.

பெட்டி எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசு சபை அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்துப் போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் பணியில்,
மிஷனெரிக் குழுவினர், வேலூர்