சுஜாவின் வயிற்றுவலி பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை.

சுஜா மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டு படுக்கிறாள், வீட்டில் எல்லோரும் "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற பாடமடி இது.

கருமுட்டை வெளிவந்த பிறகு, சுமார் 14 நாள் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஆட்சி. கருப்பை உட்படலத்தில் ஒரு நொதியை அது தூண்டிவிடுகிறது. அந்த நொதி, படலத்தைத் தடிக்கவைக்கும் ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்ற, படலம் மேலும் தடிக்காமல் நிற்கிறது. படலத்தைத் தாங்கும் கொலாஜன் புரதத்தை வெட்டும் மெட்டல்லோபுரோட்டினேஸ் நொதிகளையோ புரொஜெஸ்டிரோன் அடக்கி வைக்கிறது. கரு தங்காவிட்டால் புரொஜெஸ்டிரோன் சரியும். மதகு திறந்த மாதிரி அந்த வெட்டும் நொதிகள் கிளம்பிப் படலத்தைச் சிதைத்துவிடும். கூடவே சைக்ளோஆக்சிஜனேஸ்-2 என்ற இன்னொரு நொதி ஏறி, அது உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகி, கருப்பைத் தசையை முறுக்கிப் பிழியும். சுஜா துடிப்பது இதில்தான். வலிக்குக் கொடுக்கும் மெஃபனமிக் அமில மாத்திரை இந்த சைக்ளோஆக்சிஜனேஸைத்தான் தடுக்கிறது. அதனால் வலி முற்றும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே, சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லது. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்.

1940இல் மார்க்கீ என்பவர் இந்தப் படலத்தின் துண்டுகளை ரீசஸ் குரங்கின் கண்ணுக்குள் ஒட்டவைத்து, அங்கேயே மாதவிடாய் நடப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். சுருள் தமனிகள் இறுகுவதும் பிறகு ரத்தம் கசிவதும் நேருக்கு நேர் தெரிந்தன! ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில் இந்த உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும். அங்கே புரொஜெஸ்டிரோனின் பேச்சு எடுபடாது. ஈஸ்ட்ராடையாலைத் தணிக்கும் நொதி குறைவு. போதாததற்கு, இயல்பான உட்படலத்தில் காணாத அரோமட்டேஸ் என்ற நொதி அங்கே ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரிக்கும். சுஜாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போ. வலி எந்த நாளில் தொடங்குகிறது, மலம் கழிக்கும்போதும் வலிக்கிறதா என்று இப்போதிருந்தே நோட்டில் குறித்துவைக்கச் சொல்.

பெரிய லீவுக்குத் திருச்சி வருகிறீர்கள்தானே? டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
விமலா