பரமட்டா தோத்துப்போச்சு, அப்பா

வென்ட்வொர்த்வில், சிட்னி
14.03.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

உங்கட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு இப்ப போனில கதைக்கிறது வடிவாக் கேக்குதில்லை எண்டு சின்னக்கா சொன்னவ. அதால நானும் எழுதியே அனுப்புறன். கால் வீக்கம் இன்னும் வத்தாட்டி, சந்தி டிஸ்பென்சரியோட நிக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ. இந்த வருசம் யாழ்ப்பாணம் சென்ட்ரல் - சென்ற் ஜோன்ஸ் பள்ளிக்கூடங்களின்ர பெரிய கிரிக்கெட் மட்சுக்குப் போகேலாது எண்டு எழுதியிருந்தியள். அந்த வரியைத்தான் திருப்பித் திருப்பி வாசிச்சன். நான் அறிய நீங்கள் ஒரு வருசமும் விட்டதில்லையே.

இஞ்ச நான் நல்ல சுகம். வெயில் குறையுது, இன்னும் குளிர் தொடங்கேல்லை. அறையில இருக்கிற பொடியள் இரண்டு பேரும் இரவு வேலைக்குப் போறதால வீடு அமைதி. எனக்கு இப்ப கிழமையில மூண்டு நாள்தான் வேலை, மற்ற நாளில நல்லா ஓய்வெடுக்கிறன். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தவ. ஸ்ரேசனடிக் கடைகளில புட்டு மா, ஒடியல் மா, முருங்கைக்காய் எல்லாம் வாங்கலாம். நீங்கள் தந்துவிட்ட மிளகாய்த்தூள் அடிப்போத்தலுக்கு வந்திட்டுது. கடைத்தூளில அந்த வாசம் இல்லை.

அங்கத்தைச் சனம் எந்த விளையாட்டுப் பார்க்கும், கிரிக்கெட்டோ எண்டு அப்பா கேட்டிருந்தியள். கிரிக்கெட்டும் இருக்கு. ஆனால் சிட்னியின்ர இந்த மேற்குப் பக்கத்தில பங்குனி பிறந்தால் ரக்பி லீக்தான். பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிசம். பந்தைக் கையில வைச்சுக்கொண்டு ஒருத்தன் ஓடி வருவான், எதிர்ப்பக்கம் மூண்டு நாலு பேர் கபடியில மாதிரிக் கட்டிப்பிடிச்சு விழுத்துவினம். ஆறு தரம் விழுத்திப் போட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போயிடும். அதால ஐஞ்சாந்தரம் விழுந்து எழும்பின உடன பந்தை உதைச்சுத் தூரத்துக்கு அனுப்பிடுவினம். முன்னுக்கு எறியக் கூடாது, பின்னால வாறவனுக்கு எறிஞ்சு எறிஞ்சுதான் முன்னேற வேணும். கோட்டுக்கு அங்கால கொண்டுபோய் நிலத்தில வைச்சால் 4 புள்ளி, பிறகு கம்பத்துக்கு நடுவால உதைச்சால் இன்னும் 2. ஒரு மட்ச் பார்த்தால் அப்பாவுக்கு எல்லாம் விளங்கியிடும்.

எங்கட பக்கத்து அணி பரமட்டா ஈல்ஸ். பரமட்டா எனக்கு ரெயிலில இரண்டாவது ஸ்ரேசன். நான் போன கடிதத்தில எழுதின பக்கத்து வீட்டு ஐயா, முத்தத்தில கொடிக்கம்பம் நட்டு வைச்சிருக்கிறவர், அந்த அணிக்காகவே உயிர் வாழுற மனுசன். நீலமும் மஞ்சளும்தான் அவற்ர கொடி, தொப்பி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம். 1981இல பரமட்டா முதல்முதல் கிண்ணம் எடுத்த நேரம் அவர் இளந்தாரி. அண்டிரவு ஆதரவாளர்கள் சந்தோசம் தாங்கேலாமல் கம்பர்லண்ட் ஓவலில இருந்த பழைய மரக் கொட்டகையைக் கொளுத்திப் போட்டினமாம். பிறகு 82, 83, கடைசியா 86. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. 2001இல, 2009இல, 2022இல இறுதி ஆட்டம் வரைக்கும் போய்ப் போய்த் தோத்தவை. 2009இல மெல்பேர்ண் ஸ்ரோம் எண்ட அணியிட்டத் தோத்தது. அடுத்த வருசம் மெல்பேர்ண் விதிச்ச அளவுக்கு மேல வீரர்களுக்குச் சம்பளம் குடுத்ததைக் கண்டுபிடிச்சு அந்தப் பட்டத்தைப் பறிச்சவை. ஆனால் பரமட்டாவுக்கு அதைக் குடுக்கேல்லை. இதைச் சொல்லேக்க இப்பவும் அவற்ர குரல் நடுங்கும்.

போன ஞாயிறு பருவத்தின்ர முதல் ஆட்டம், அதுவும் அதே மெல்பேர்ணோட, அவையின்ர மண்ணில. ஐயா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில இருத்தினவர். நான் கடலை வடை கொண்டு போனன், அவர் இறைச்சிப் பை எண்டு இஞ்ச சொல்லுற, இறைச்சியை மாவுக்குள்ள வைச்சுச் சுட்ட பண்டத்தைச் சூடாக்கித் தந்தவர். கன நம்பிக்கையோட இருந்தவர் அப்பா. போன வருசம் 17 அணியில 15ஆவதா முடிச்சு, நடுவில பயிற்றுநரையும் மாத்தி, இந்த வருசம் ஜேசன் ரைல்ஸ் எண்ட புது ஆளைக் கொண்டு வந்திருக்கினம். ரைல்ஸ் முந்தி மெல்பேர்ணில கிரெக் பெலமிக்குக் கீழ வேலை செய்தவர். பெலமி 2003இல இருந்து அங்க பயிற்றுநர், ஒரு பருவத்திலயும் முதல் ஆட்டம் தோத்தது கிடையாது. அதை இந்த முறை உடைக்கலாம் எண்டு ஐயா நினைச்சிருந்தவர்.

56-18. அப்பிடியொரு அடி. இடைவேளைக்கு முதலே முடிவு தெரிஞ்சு போச்சு. பந்தை உதைச்சு ஆட்டத்தை நடத்துற மிச்சல் மோசசுக்குப் பாதத்தில காயம், இறங்கேல்லை. கன வருசம் தலைவரா இருந்த கிளின்ற் கதர்சன் இந்த வருசம் வேற அணிக்குப் போயிட்டார். ஆனால் அவர் இல்லை, இவர் இல்லை எண்டு சொல்லி 56 புள்ளியை மறைக்கேலாது. மெல்பேர்ண்காரர் வேகமாப் பந்தை அங்காலயும் இஞ்சாலயும் மாத்த, எங்கட ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிண்டவை. மறிக்கிறது மனத்தின்ர வேலை எண்டு நீங்கள் பொடியளுக்குச் சொல்லுவியளே, அதைத்தான் நான் அண்டைக்குப் பார்த்தன். களைச்சுப்போனவனும் மறிக்கலாம், ஆனால் பக்கத்தில நிக்கிறவனை நம்பாதவன் மறிக்கமாட்டான். புதுப் பயிற்றுநர் முதல்ல திருத்த வேண்டியது அதைத்தான். அதுக்கு ஒரு ஆட்டம் காணாது. ஒரு வருசமாவது குடுக்க வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். இந்தக் கிழமை இன்னொரு அடி. அணியில ஆகத் திறமான பொடியன் டிலன் பிறவுண் அடுத்த வருசத்தில இருந்து நியூகாசில் அணிக்கு 10 வருச ஒப்பந்தத்தில போறானாம்.

ஐயா கடைசி விசில் வரைக்கும் தொலைக்காட்சியை நிப்பாட்டேல்லை. 40 தாண்டின பிறகு, பார்க்கவேண்டாம் எண்டு நான் சொல்லிப் பார்த்தன், அவர் கேக்கேல்லை. அந்த நேரம் எனக்கு உங்கட நினைவுதான் வந்தது அப்பா. வேப்ப மரத்துக்குக் கீழ சாய்மனைக் கதிரையில இருந்து, ரேடியோவைக் காதோட அணைச்சுக்கொண்டு, இலங்கை ஒன்பது விக்கெட் விழுந்து நிக்கேக்கயும் நிப்பாட்டாமல் கேப்பியள். கிணத்தடி வீட்டுச் சித்தப்பா எழும்பிப் போயிடுவார். அம்மா சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. நான் உங்கட காலடியில இருந்து பனங்கிழங்கு உரிப்பன். இப்ப அந்தக் கதிரையில ஆர் இருக்கினம்? நீங்கள் கட்டிலிலதானோ கூடநேரம்? இதை எழுதேக்க அழுகை வருது. அம்மா பயப்பிடாதேங்கோ, கொஞ்ச நேரத்தில சரியாயிடும்.

நாளையிண்டைக்கு, 16ஆம் திகதி, பரமட்டா மைதானத்தில வெஸ்ற்ஸ் ரைகர்சோட ஆட்டம். போன புரட்டாதியில அவையைப் பரமட்டா 60-26 எண்டு வெண்டது. ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போறார். அவற்ர மனுசி செத்த பிறகும் அவவின்ர இருக்கைக்கு ஒவ்வொரு வருசமும் காசு கட்டி வைச்சிருக்கிறார். அதில என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு செலவும் இல்லை. அம்மா, அவருக்குக் குடுக்கக் கொஞ்சம் பனங்கட்டி ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்து விடுங்கோ, தேத்தண்ணியோட கடிக்க நல்ல விருப்பம்.

வேலிப் பிரச்சினையில அப்பா அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். மாமியின்ர ஆக்கள் என்ன சொன்னாலும், நில அளவையாளர் வந்து கல்லுப் பார்க்கட்டும். காணி உறுதியின்ர பிரதியைச் சின்னக்காவைக் கொண்டு படமெடுத்து வட்சப்பில அனுப்பச் சொல்லுங்கோ. கிணத்து மோட்டரைத் திருத்துவிக்கிறதோ புதுசு வாங்கிறதோ எண்டு கேட்டிருந்தியள். இப்போதைக்குத் திருத்துங்கோ, புதுசைப் பற்றி வைகாசியில பார்ப்பம். இந்த மாதக் காசு 25ஆம் திகதிக்குப் பிறகுதான் அனுப்புவன். சம்பளம் போடுற நாளை மாத்தியிருக்கினம், வேற ஒண்டும் இல்லை. மருமகளின்ர ரியூசன் காசை மட்டும் நிப்பாட்ட வேண்டாம், பெரியக்காவிட்ட ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ. சித்திரை 6ஆம் திகதியில இருந்து இஞ்ச மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். அதுக்குப் பிறகு உங்கட நேரம் பின்னேரம் மூண்டரைக்கு எடுத்தால் நான் அறையில நிப்பன். அப்பாவுக்குக் கேக்காட்டியும் போனைப் பக்கத்தில வைச்சு விடுங்கோ.

பெரிய மட்ச் என்னமாதிரி முடிஞ்சது எண்டு அடுத்த கடிதத்தில மறக்காமல் எழுதுங்கோ. ஆர் எத்தினை ஓட்டம் எடுத்தவை எண்டும் வேணும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்