ஒன்பது இரவுகள் முக்காலியில் இருந்த பெரியம்மாவுக்கு

அன்பிற்குரிய தோட்ட மக்களுக்கும், தொழிற்சாலையில் என்னோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

அந்த ஒன்பது இரவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பாதை மூடிக் கிடந்ததையும், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான பெரிய டீமேக்கர் ஐயா வந்து சேர முடியாமல் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்ததையும் எல்லோரும் அறிவீர்கள். வந்த கொழுந்தில் ஒரு கிலோவும் வீணாகக் கொட்டப்படவில்லை என்ற ஆறுதலோடு, கை நடுக்கம் இன்னும் முழுதாக அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன்.

விறகை நனையவிடாமல் காத்து, தேயிலையை உலர்த்தும் டிரையரின் சூட்டை இறங்கவிடாத அண்ணன்மாருக்கும், மின்சாரம் போன போதெல்லாம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய தம்பிக்கும், கொழுந்து லொறியைச் சேற்றிலிருந்து தோள் கொடுத்துத் தள்ளிய இளைஞர்களுக்கும், சந்திக் கடையிலிருந்து காசு வாங்காமல் சாப்பிடப் பணிஸ் அனுப்பிய சிங்கள அக்காவுக்கும், என் மகளைத் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டு மதினிக்கும் என் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்தான். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி மேல் லயத்து, அதாவது மேலே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும், பெரியம்மாவுக்கு உரியது. தன் பெயரை எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கொழுந்து பகலில் பறிக்கப்பட்டாலும் தேயிலை உருவாவது இரவில்தான். மாலையில் வந்து சேரும் கொழுந்து மணிக்கணக்காக வாடி, விடிவதற்கு நெடுநேரம் முன்பே அதை உருட்டி நசுக்கும் ரோலருக்குப் போகிறது. புளிப்பதும் காய்வதும் அதைத் தொடர்கின்றன. ஆகவே டீமேக்கராக விரும்பும் பெண்ணிடம் எவரும் ரோலரைப் பற்றிக் கேட்பதில்லை. இரவு வேலைக்கு வீட்டில் விடுவார்களா என்றுதான் கேட்கிறார்கள். இலங்கையில் தொழிற்சாலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்ய வழிவிட்ட 1984ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், மாதத்தில் 10 இரவுகளுக்கு மேல் கூடாது, ஓய்வறை இருக்க வேண்டும், பெண்களின் நலனைக் கவனிக்கப் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்தே சொல்கிறது. அந்த நாட்களில் மேற்பார்வையாளரைத் தேட யாருக்கு நேரம் இருந்தது? இரவில் தொழிற்சாலைக்குள் இருந்த ஒரே பெண் நான். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேசக்கூடிய வாய்களைப் பற்றியே பயந்தேன்.

முதல் இரவு, ஒன்றரை மணி இருக்கும். பெரியம்மா தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு, கையில் டோர்ச்சோடு வாசலில் வந்து நின்றார். "நீ ஒன் வேலயப் பாரு தாயி, நான் இப்பிடி ஓரமாக் குந்திக்கிறேன்" என்றார். கால் ஒன்று குட்டையான முக்காலி ஒன்று அங்கே கிடந்தது. அதன் அடியில் காகிதச் சாக்குத் துண்டை மடித்து வைத்துவிட்டு, ரோலர் அறைக்கும் புளிக்க வைக்கும் மேசைக்கும் நடுவில் அமர்ந்தார். விடிந்ததும் எழுந்து போனார். ஒன்பது இரவுகளும் அப்படியே நடந்தது. எவரும் அவரை அழைக்கவில்லை. பெயர் போட்டுக் கூலி கொடுக்கவுமில்லை.

16 வயதில் கூடையைச் சுமக்கத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை இந்த மலையிலேயே கொழுந்து பறித்தவர் அவர். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்று இருந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். தோட்டங்களில் சம்பளம் சமமாக்கப்பட்டதும் அதே 1984இல்தான். அப்படிப்பட்டவர், அரைத்த கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாவதை அந்த இரவில்தான் முதன்முதலாகப் பார்த்தார். ஒரு பிடியை அள்ளி முகர்ந்து, "இதா நம்ம மலக் கொழுந்து?" என்று கேட்டார். 100 கிலோ கொழுந்தில் 21, 22 கிலோ தூள்தான் தேறும் என்று சொன்னபோது, நான்தான் திருடிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். மூன்றாம் இரவிலிருந்து, புளித்தது போதும் என்ற பொருளில் "பச்ச வாசம் போயிருச்சு" என்று அவரே அறிவிக்கத் தொடங்கினார். அவர் கணிப்பு எப்போதும் சரியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை சரியாக இருந்தது, அதுவே எனக்கு வியப்பு.

வாட்டும் பகுதியில் இப்போது இரண்டு தங்கைகள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் இரவு வேலைக்கு வரும் நாளில், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓய்வறையும், சம்பளத்தோடு நியமிக்கப்பட்ட ஒரு பெண் மேற்பார்வையாளரும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். மலையில் பறிக்கும் பெண்களைக் குழு குழுவாக அழைத்துவந்து தங்கள் கொழுந்து தூளாவதைக் காட்டவும் எண்ணியிருக்கிறேன்.

பெரியம்மா, உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, அந்த இரவுகளில் காய்ந்த தூளில் ஒரு பொட்டலம் போதும் என்றீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கரண்டித் தூளும் வாசலைத் தாண்டக் கூடாது என்ற விதி டீமேக்கருக்கும் உண்டு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; சீட்டு வந்ததும் நானே லயத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன டீமேக்கர்