லேயர் ஸ்டேட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்: கொழும்பின் தலைமைப் படவரைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் கட்டடப் படங்கள் வரையும் அலுவலகங்களின் தலைமைப் படவரைஞர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

குழாய், மின்சாரம், ஏசி வேலைகளுக்குப் படம் வரையும் அலுவலகமொன்றில் நான் படவரைஞர். உங்களிடமிருந்து வரும் ஓட்டோகேட் (கணினியில் படம் வரையும் மென்பொருள்) ஃபைலில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. சுவர், கதவு, தளபாடம் என்று ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள்கள் போலத் தனித்தனி லேயரில் இருக்கும். ஃபைலைத் திறந்தால் எந்த லேயர் தெரியும், எது மறைந்திருக்கும் என்பது கடைசியாகச் சேமித்தவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது. எந்த லேயர் தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்பதைப் பெயரிட்டுச் சேமித்துவைக்கும் லேயர் ஸ்டேட்களும் உள்ளே இருக்கும். ஆனால் எல்லாம் பழசு. பெயர்கள் ‘ஃபைனல்’, ‘நியூ’, ‘பிரிண்ட்’ என்று போகும். அவற்றை நம்பலாமா என்று கேட்டால் உங்கள் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. இதை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எழும் அடுக்குமாடிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. காணி ஒடுக்கம், குழாய் போகும் டக்ட் அதைவிட ஒடுக்கம். அப்படியொரு கட்டடத்துக்கு, ஸ்லப்பில் விடவேண்டிய துளைகளைப் புது லேயர் ஒன்றில் வரைந்து சேர்த்தார்கள். ஸ்லப் படத்துக்கான ஸ்டேட் அதற்கு முன்பே சேமித்தது. அச்செடுக்கிற அன்று அந்தப் பழைய ஸ்டேட்டை ரிஸ்டோர் செய்தபோது (திரும்பக் கொண்டுவந்தபோது), ஸ்டேட்டில் இல்லாத லேயர்களை அணைத்துவிடும் தெரிவு போட்டபடியே இருந்தது. துளைகள் தாளில் வரவில்லை. கொங்கிறீட்டும் போட்டாயிற்று. அப்புறம் கோர் கட்டிங் மெஷின் கொண்டுவந்து, கம்பி வெட்டுப்பட வெட்டுப்படத் துளைத்தார்கள். படம் வரைந்த பிள்ளை துளைகளைச் சரியான இடத்தில்தான் வரைந்திருந்தார். புது லேயர் வந்தால் ஸ்டேட்டையும் புதுப்பிக்கவேண்டும் என்பது அங்கே யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? முழுதாக ஆகாது. எடுத்துவிட்டால் புது லேயர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அதில் தளபாடம் வரைந்திருந்தால் அதுவும் ஸ்லப் படத்தில் வந்து நிற்கும். ஆனாலும் அதை எடுத்துவிடுவதே நல்லது என்பேன். கூடுதலாக வந்த கோடு பார்த்தவுடன் கண்ணில் படும், காணாமற்போன கோடு படாது. உண்மையான தீர்வு வேறு: லேயர் சேர்த்த அதே நாளில் லேயர்ஸ்டேட் கட்டளையை அடித்து, வரும் பெட்டியில் ஸ்டேட்டை எடிட் செய்து புது லேயரை உள்ளே சேர்ப்பது. சில நிமிட வேலை.

அடுத்தது ஃபைல் பெயர். இதுதான் எங்களை அதிகம் வாட்டுகிறது. உங்கள் மாடிப் படத்தை எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது எங்கள் படத்துக்குள் தெரியும் வெளி ஃபைலாக, இணைத்ததும், லேயர்களின் பெயருக்கு முன்னால் உங்கள் ஃபைல் பெயரும் ஒரு நிலைக்குத்துக் கோடும் (|) வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஸ்டேட்கள் அந்த முழுப் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் திருத்தத்துக்குத் திருத்தம் ஃபைல் பெயரில் திகதியையோ ‘ரெவ் 3’ என்பதையோ சேர்த்து அனுப்ப, அதை நாங்கள் புதிதாக இணைத்தால் எல்லாம் வேறு லேயர்களாகிவிடும். பழைய ஸ்டேட் எதையும் அடையாளம் காணாது. தயவுசெய்து திருத்த எண்ணை ஃபோல்டர் பெயரில் போடுங்கள். ஃபைல் பெயர் முதல் நாளிலிருந்து கடைசி வரை ஒன்றாகவே இருக்கட்டும்.

வியூபோர்ட்டுக்குள்ளேயே, அதாவது அச்சுத் தாளில் படம் தெரியும் சட்டத்துக்குள்ளேயே, லேயர்களை ஃப்ரீஸ் செய்து மறைத்தால் போதும், ஸ்டேட் எதற்கு என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள். ஒரு வீட்டுப் படத்துக்கு அது போதும், மறுக்கவில்லை. பத்து மாடி, மாடிக்கு நாலைந்து தாள் என்று வரும்போது ஒவ்வொரு வியூபோர்ட்டாகக் கையால் செய்தால் எங்காவது ஒன்று தவறும். ஒரு மாடிக்குச் சரியாகச் செய்த ஸ்டேட்களை எல்ஏஎஸ் ஃபைலாக வெளியே எடுத்து மற்ற மாடிகளில் இறக்கலாம். வியூபோர்ட்டுக்குள் நின்று ரிஸ்டோர் செய்தால் நிறத்தையும் கோட்டுத் தடிப்பையும் அந்த வியூபோர்ட்டுக்கு மட்டும் மாற்றவும் முடியும்.

சேமிக்கும்போது லேயரை அணைக்காமல் ஃப்ரீஸ் செய்யுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணைத்த லேயரில் உள்ளவை கண்ணுக்குத்தான் தெரியாது. ‘ஆல்’ என்று தெரிவு செய்து அழித்தால் அவையும் சேர்ந்தே போகும். ஃப்ரீஸ் செய்தவை போகா.

ஃபைல் பாரமாகிவிட்டது என்று கோடுகளை மட்டும் கொப்பி செய்து வெற்று ஃபைலில் ஒட்டி அனுப்பும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. படம் வந்து சேரும், ஸ்டேட் ஒன்றுகூட வராது. பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ், ஃபைலின் பிழைகளைத் திருத்தும் ஓடிட் இரண்டையும் முதலில் செய்து பாருங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய ஃபைலிலிருந்து ஸ்டேட்களை இம்போர்ட் செய்த பிறகு அனுப்புங்கள்.

நான் கேட்பது பெரிய முறைமாற்றம் அல்ல. லேயர் பெயருக்கு ஐஎஸ்ஓ 13567 போன்ற நியமம் உண்டு. அதை முழுதாகப் பின்பற்றும்படிகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டேட்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். நீங்களே அந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எந்தத் தாள் எதற்குப் போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். படிப்பு முடித்துப் புதிதாக வந்த பிள்ளையின் தலையில் இதைக் கட்டாதீர்கள். ஸ்டேட்டுக்குத் தாளின் பெயரை வையுங்கள்: ஸ்லப், சீலிங், மாநகர சபைக்குக் கொடுக்கும் படம் என்று. கீழே விளக்கம் எழுத இடம் இருக்கிறது. கடைசியாகப் புதுப்பித்த திகதியையும் உங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் அங்கே போடுங்கள். எக்ஸ்ரெஃப் ஆக இணைத்த ஃபைலின் ஸ்டேட்கள் எங்கள் பட்டியலிலும் வரும் என்பதால், நீங்கள் ஒழுங்காக வைத்ததை நாங்கள் அப்படியே ரிஸ்டோர் செய்யலாம்.

குழாய், மின்சார லேயர்களுக்கான ஸ்டேட்களை இதே முறையில் பெயரிட்டு, திகதியிட்டு எங்கள் ஃபைல்களில் தருவோம். அதில் குறை கண்டால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள், திருத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு படவரைஞர்