விசுவமடுவில் இறங்கு

தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவுக்கு அம்மா பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். டேட்டா முடிந்துவிட்டது என்று தங்கச்சியைச் சொல்லச் சொன்னேன். அது பொய்.

கச்சான் பிடுங்கி முடிந்தது. அப்பாவுக்கு முழங்கால் நோ, வேறொன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வாசித்து முடித்த கையோடு மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் அப்பிய ரவையைச் சுரண்டி எடு, காயவிட்டால் தோல் கெட்டுவிடும், இரண்டு நாம்பன் விற்று வாங்கியது.

போன சனிக்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் உன்னைக் கண்டதாகச் சந்திக் கடை அக்கா சொன்னா. மிருதங்கத்தை மடியில் வைத்திருந்தாயாம். அதற்கு முதல் சனியும் கண்டாவாம். பஸ் நம்முடைய சந்தியில் நின்றுதானே போகிறது தம்பி. சரி, அதை விடு. முள்ளியவளைக்குப் போவதை நான் பிழை சொல்லவில்லை. போ. சாப்பிட்டுவிட்டுப் போ.

அந்தப் பதிவைக் குசினியில் தேங்காய் திருவும்போது தங்கச்சி போட்டாள். முதலில் நீ முள்ளியவளையில் போய்ப் பார்க்கிறவருடைய மத்தளம், பிறகு நீ சேர்கிறாய். நீ பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கோடு வாசிக்கிறாய், அவர் ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடித்துப் பழகியவர் போல ஓரிடத்தில் இழுத்துப் பிடிக்கிறார், நீ தடுமாறி, நின்று, பிறகு அவருடைய கைக்குப் பின்னாலேயே போகிறாய். இத்தனை வருடம் நீ வாசிக்கக் கேட்டிருக்கிறேன், இன்னொருவருக்காகக் காத்து நின்று வாசித்ததை அன்றுதான் கேட்டேன். எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா?

பதிவை நிறுத்த மறந்துவிட்டாய் போல. கடைசியில் அவர் ஒரு தாலாட்டை முணுமுணுத்து, 'இது கொம்மா பாடுறது' என்கிறார். என் கை திருவலையிலேயே நின்றுவிட்டது.

எனக்கு அந்தப் பாட்டுத் தெரியும்.

2009 இல் செட்டிகுளம் முகாமில் நீ என் கைக்கு வந்த புதிதில், இருட்டினால் தறப்பாளுக்குள் இருந்து அதைத்தான் பாடுவாய். மூன்று வயது, சொல்லெல்லாம் மழலை, 'மாமன்' என்பது மட்டும் தெளிவு. அந்த இடம் வந்ததும் இரண்டு கையாலும் உன் வயிற்றின் இரண்டு பக்கமும் தட்டிக் காட்டுவாய். எல்லாத் தாலாட்டிலும் மாமன் வருவார்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தத் தட்டு என்னவென்று எனக்கு விளங்கியது. நீ பாடத் தொடங்கினால் அதற்கு மேலால் என் பாட்டைச் சத்தமாகப் பாடுவேன், நீ நிறுத்தும் வரைக்கும். ஒரு மாதம் போனது, பிறகு நீ பாடவில்லை. பிள்ளைக்கு உறவுகள் யாரும் இருக்கிறார்களா என்று பதிய வந்தவர்கள் கேட்டபோது ஒருவரும் இல்லை என்றேன்.

அப்பாவுக்குக்கூட இது தெரியாது. ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போய், உப்புத் தண்ணீரில் எரிகிற விளக்குக்கு முன்னால் நின்று கும்பிட்டேனே, அவர் ஒரு கூப்பிடு தூரத்தில் முள்ளியவளையில் இருந்திருக்கிறார். ஒரு வருடம் கோவலன் கூத்துப் பார்க்க வேண்டும் என்று நீ நிலத்தில் விழுந்து அழுதாய். மத்தளச் சத்தம் கேட்டதும்தான் நான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன், பஸ் போய்விடும் என்பதற்காக இல்லை.

உன்னைத் தந்துவிட வேண்டி வரும் என்று பயந்தேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை, அதனால்தான் பதில் போடவில்லை.

வரும் சனிக்கிழமை நீ இங்கே இறங்கு. இல்லாவிட்டால் ஞாயிறு திரும்பி வரும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு வா, அவரிடம் நானே சொல்ல வேண்டும். மிருதங்கத்தையும் கொண்டு வா. ரவை வீட்டில் இருக்கிறது.

அவர் மச்சம் சாப்பிடுவாரா என்று மட்டும் முதலே சொல்லு.

அம்மா